நாற்பதுக்கு மேல் துறை மாறுபவருக்கு நௌக்ரி, லிங்க்ட்இன், சொந்தத் தளம்: நீண்டகாலப் புழக்கத்தில் தெரிபவை

திருப்பூர்ப் பக்கம் துணி ஆலையில் இருபது வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்துவிட்டு டேட்டா அனாலிசிஸுக்கு மாற நினைக்கிறவருக்கு, நௌக்ரி என்ற வேலைதேடும் தளம் பெரும்பாலும் ஏமாற்றம்தான். தளத்தில் குறையில்லை, அங்கே ஆள் தேடும் முறை அப்படி. அனுபவ ஆண்டு, சம்பளம், ஊர், நோட்டீஸ் பீரியட் என்று வடிகட்டித்தான் பார்க்கிறார்கள். ‘2 முதல் 5 ஆண்டு’ என்று போட்ட கணமே 20 ஆண்டுக்காரர் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார். புரொஃபைலை எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் யாரும் திறக்கப்போவதில்லை. அதற்காக அனுபவத்தைக் குறைத்துக் காட்ட வேண்டாம். பின்னணிச் சரிபார்ப்பில் யுஏஎன் எண்ணை (நிறுவனம் மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) வைத்துப் பிஎஃப் பதிவைப் பார்த்தால், சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் வெளிவந்துவிடும். பழைய துறையை ஒட்டிய வேலைகளுக்கு மட்டும் நௌக்ரி போதும். இப்போதைய நிறுவனம் உங்கள் புரொஃபைலைப் பார்க்காதபடி அதன் பெயரைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

உழைப்பைப் போட வேண்டிய இடம் லிங்க்ட்இன். கை வைப்பதற்கு முன், செட்டிங்ஸில் புரொஃபைல் மாற்றங்களைத் தொடர்பிலிருப்பவர்களுக்கு அறிவிக்கும் வசதியை அணைக்கவும். இல்லாவிட்டால் மேனேஜருக்குத்தான் முதலில் தெரியும். உள்நுழைவு ஆபீஸ் மெயிலில் இருந்தால், சொந்த மெயிலையும் மொபைல் எண்ணையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். வேலையை விட்ட பிறகு அந்த மெயில் திறக்காது. பாஸ்வேர்டு மறந்தால் கணக்கை மீட்பது பெரும்பாடு.

பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரியில் 220 எழுத்துக்கு இடம் உண்டு. அதை ‘வாய்ப்பு தேடுகிறேன்’ என்று வீணடிப்பவர்கள்தான் அதிகம். அந்தச் சொல்லைப் போட்டு எந்த நிறுவனமும் ஆள் தேடுவதில்லை. ‘துணித் தரத் தரவு அனாலிசிஸ், எஸ்கியூஎல், பவர் பிஐ, 20 ஆண்டு தரக்கட்டுப்பாடு’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதினால் தேடலில் சிக்கும் (எஸ்கியூஎல் தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கும் மொழி, பவர் பிஐ தரவை வரைபடமாகக் காட்டும் மென்பொருள்). பழைய தொழிலை மறைக்கச் சொல்லும் ஆலோசனை நிறையக் கிடைக்கும், அது தவறு. எஸ்கியூஎல் தெரிந்த இளைஞர்கள் ஏராளம். துணிச் சோதனையில் ஃபோர் பாயின்ட் முறையில் பழுதுக்கு எப்படிப் புள்ளி போடுகிறார்கள் என்பதும் தெரிந்து, அந்தப் புள்ளிகளை எஸ்கியூஎல்லில் அலசவும் தெரிந்தவர் எத்தனை பேர்? அறிமுகப் பகுதியில் 2,600 எழுத்துக்கு இடம் இருந்தாலும், சொடுக்காமல் தெரிவது முதல் சில வரிகள்தான். சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

இனிஷியல் நமக்கே உரிய தலைவலி. குடும்பப் பெயர்க் கட்டத்தில் ‘எஸ்’ என்று மட்டும் போட்டால் அதே பெயரில் நூறு பேர் வருவார்கள். அப்பா பெயரை முழுதாக எழுதி, அதையே ரெஸ்யூம், மெயில், புரொஃபைல் முகவரி எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரிலும் சான்றிதழிலும் வேறு மாதிரி இருந்தால் சரிபார்ப்பில் இழுபறிதான்.

வேலை தேடுவதை அறிவிக்கும் லிங்க்ட்இன்னின் ‘ஓபன் டு வொர்க்’ வசதியை ஆளெடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம். உங்கள் நிறுவனத்தாரிடமிருந்து மறைக்க முயல்வோம், உறுதி தரமாட்டோம் என்று லிங்க்ட்இன்னே சொல்கிறது. எல்லோருக்கும் தெரியும்படி வைத்தால் படத்தைச் சுற்றி வரும் பச்சை வளையம் வேலையை விட்டவர்களுக்குச் சரி. வேலையில் இருப்பவருக்கு ஆபத்து.

மற்றவர்களைவிடத் துறை மாறுபவருக்குத்தான் சொந்தத் தளம் அதிகம் தேவை, ஏனென்றால் பதவிப் பெயர் அவருக்காகப் பேசாது. இணையப் பக்கங்களை வைக்க உதவும் கிட்ஹப் பேஜஸ் இலவசம். 1 ஜிபி வரை இடம். மூன்று வேலை மாதிரிகள் போதும். ஒவ்வொன்றிலும் கேள்வி என்ன, தரவு எங்கிருந்து வந்தது, முடிவை வைத்து ஆலையில் எதை மாற்றலாம் என்பது ஒரே பக்கத்தில் இருக்கட்டும். பழைய நிறுவனத்தின் தரவைப் பெயரை மாற்றிக்கூடப் போடாதீர்கள்; ஆர்டர் அளவையும் தேதியையும் பார்த்தே தொழிலில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார். பவர் பிஐ சேவைக்கு ஜிமெயில் முகவரி செல்லாது, ஆபீஸ் அல்லது கல்லூரி மெயில் கேட்கும். அதனால் டாஷ்போர்டைப் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வைக்கலாம். பவர் பிஐ போன்ற இன்னொரு சேவையான டேப்லோ பப்ளிக்கும் உதவும், ஆனால் அதில் ஏற்றுவது ஊருக்கே தெரியும். தளத்துக்குச் சொந்தமாக டொமைன் (இணைய முகவரி) வாங்கினால் முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்க்காமல் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். தவணை தவறினால் ரெஸ்யூமில் கொடுத்த இணைப்பு வேறொருவர் கைக்குப் போகலாம்.

லிங்க்ட்இன்னின் கட்டணச் சேவையான பிரீமியம் எப்போதும் தேவையில்லை. அதன் கெரியர் திட்டத்தில் மாதம் 5 இன்மெயில் (தொடர்பில் இல்லாதவருக்கும் அனுப்பும் செய்தி) கிடைக்கும். மாதிரிகள் தயாரான பிறகு, யாருக்கு எழுதுவது என்ற பட்டியல் கையில் இருக்கும்போது ஒரு மாதம் எடுத்துவிட்டு, தானாகப் புதுப்பிப்பதை அன்றே நிறுத்திவிடலாம்.