தனிச் சுவிட்சு உள்ள ஸ்பைக் பஸ்டர்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

இரவு பதினொரு மணிக்கு ரிமோட்டால் அணைத்த செட்டாப் பாக்ஸின் மேல்மூடியை மறுநாள் காலை ஆறு மணிக்குத் தொட்டுப் பார்த்தபோதும் அது வெதுவெதுப்பாகவே இருந்தது. தொலைக்காட்சியைச் சுற்றியுள்ள கருவிகள் அனைத்தும் ஒரே சுவிட்சு கொண்ட பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகப்பட்டிருந்தன. அதை அணைத்தால் மோடமும் சேர்ந்து அணைந்துவிடும் என்பதால் வீட்டில் எவரும் அந்தச் சுவிட்சைத் தொடுவதில்லை. இந்தச் சிக்கலுக்காகத்தான் எட்டு மாதங்களுக்கு முன் சென்னை ரிச்சி தெருவில், நான்கு சாக்கெட்டுகளும் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவிட்சும் கொண்ட ஸ்பைக் பஸ்டர் ஒன்றை 640 ரூபாய்க்கு வாங்கினேன். குறைகளையும் எழுதப்போவதால் தயாரிப்பாளரின் பெயரைத் தவிர்க்கிறேன்.

‘மின் கட்டணத்தை மிச்சப்படுத்தும்’ என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். அதைச் சோதிப்பதற்காக, பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் பொருத்தினால் எத்தனை வாட் இழுக்கிறது என்று காட்டும் சிறு மீட்டர் ஒன்றையும் கூடவே வாங்கியிருந்தேன். செல்பேசி சார்ஜரை வெறுமனே செருகி வைத்தபோது மீட்டர் பூஜ்யத்தைக் காட்டியது. எல்லோரும் முதலில் திட்டுவது சார்ஜரைத்தான் என்பதால் இது எனக்கே வியப்பாக இருந்தது. தொலைக்காட்சி, ரிமோட்டால் அணைத்த நிலையில், 0.4 வாட். சும்மா இருக்கும் கருவி ஒரு வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது என்ற இலக்கைப் பன்னாட்டு எரிசக்தி முகமை 1999-இல் முன்வைத்ததும், ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் பல வீட்டுக் கருவிகளுக்கு 0.5 வாட் என்ற வரம்பை விதித்ததும் உலகச் சந்தைக்கான புதிய கருவிகளில் இவ்வாறு தெரிகின்றன. ஆனால் செட்டாப் பாக்ஸ் ஓடும்போது 9 வாட், ‘அணைந்த’ பின் 8 வாட்! பழைய ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபையர் சும்மா இருந்தே 6 வாட்டும் பிரிண்டர் 2 வாட்டும் எடுத்துக்கொண்டன.

நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் தொலைக்காட்சி பார்க்கும் எங்கள் வீட்டில், எஞ்சிய 18 மணி நேரத்தில் செட்டாப் பாக்ஸ் மட்டும் இரண்டு மாதத்திற்கு 8.64 யூனிட் செலவழிக்கிறது. ஆம்ப்ளிஃபையரையும் பிரிண்டரையும் சேர்த்தால் ஏறத்தாழ 20 யூனிட். இது பெரிய தொகை அன்று. எனினும் தமிழ்நாட்டில் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கூடுதல் விகிதம் விழுகிறது. கோடைக்காலத்தில் 510, 515 என்று வந்து நிற்கும் எங்களைப் போன்ற வீடுகளுக்கு அந்த 20 யூனிட் உண்மையிலேயே கணக்கில் தெரியும். 350 யூனிட்டில் நிற்பவர்கள் கட்டணத்தை மட்டும் எண்ணி இதை வாங்கவேண்டியதில்லை.

சுவிட்சுகள் நன்றாகவே இருக்கின்றன. அழுத்தினால் திடமான சத்தம் கேட்கிறது, எட்டு மாதத்தில் எதுவும் தளரவில்லை. சாக்கெட்டுகளின் இடைவெளிதான் போதவில்லை. மோடத்தின் பருத்த அடாப்டரைச் செருகினால் பக்கத்துச் சாக்கெட்டு மறைந்துவிடுகிறது. நான்கு என்று சொல்லி மூன்றைத்தான் தருகிறார்கள். ஒன்றரை மீட்டர் வயர், அலமாரிக்குப் பின்னாலிருந்து கைக்கு எட்டும் இடம்வரை எளிதில் வராது. பெட்டி கைக்கு எட்டாவிட்டால் தனிச் சுவிட்சு இருந்தும் பயனில்லை என்பதால் இதைச் சிறு குறையாக நான் கருதவில்லை.

பின்புறத்தில் 6 ஆம்பியர் என்று பொடி எழுத்தில் உள்ளது. 230 வோல்ட்டில் அது 1,380 வாட். விருந்தினர் வந்த ஒரு நாள், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் 1,500 வாட் கெட்டிலையும் யாரோ இதில் ஒன்றாகச் செருகிவிட்டார்கள். சற்று நேரத்தில் ஓரத்திலிருந்த டிரிப் பொத்தான் வெளியே துள்ளி மின்சாரத்தைத் துண்டித்தது. பழைய பெட்டியில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதைக் கழற்றியபோது இஸ்திரிப் பெட்டி செருகும் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. தளர்ந்த பித்தளைப் பிடியில் ஏறும் சூடு அப்படித்தான் வேலை செய்கிறது. இந்த டிரிப் பொத்தானுக்கே 640 ரூபாய் தகும்.

பெயரிலுள்ள ‘ஸ்பைக்’ பாதுகாப்பைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உள்ளே இருக்கும் வேரிஸ்டர், மின்னழுத்தம் திடீரென எகிறும்போது அதைத் தன்மேல் வாங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும் பொருள். அது செயலிழந்தால் தெரிவிக்க இதில் தனி விளக்கு ஏதும் இல்லை; எரிவதெல்லாம் மின்சாரம் வருகிறது என்று காட்டும் சிவப்பு விளக்குத்தான், அதுவும் இருட்டில் கண்ணைக் குத்தும். மேலும், இதன் சுவிட்சு மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கிறது, அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியை அன்று. எங்கள் சுவர் சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்ததால், சுவிட்சு அணைந்திருந்தும் டெஸ்டர் ஒளிர்ந்தது; எலக்ட்ரீஷியனை அழைத்துக் கம்பிகளை மாற்றிய பிறகுதான் சரியாயிற்று. இடி மின்னலின்போது சுவிட்சை நம்பாமல் பிளக்கையே பிடுங்கிவிடுகிறோம்.

வீட்டில் எதிர்ப்பு வராமல் இல்லை. முழுவதும் அணைத்த செட்டாப் பாக்ஸ் மறுபடி படம் காட்ட இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்கிறது. “தொடர் பாதி முடிஞ்ச பிறகுதான் உன் பெட்டிக்குக் கண்ணு திறக்குதுப்பா” என்று அம்மா முதல் வாரம் முழுவதும் குறைபட்டார். இப்போது விளக்கேற்றப் போகும்போதே அந்தச் சுவிட்சையும் போட்டுவிட்டுப் போகிறார். மோடத்தை மட்டும் சுவர் சாக்கெட்டுக்கு மாற்றிவிட்டேன். பிரிண்டருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் உரிய சுவிட்சுகள் பெரும்பாலும் அணைந்தே கிடக்கின்றன. படுக்கையறைக்கு இன்னொன்று வாங்கவேண்டும். டிரிப் பொத்தானோடு, மூன்று மீட்டர் வயரும் அகன்ற இடைவெளியும் உள்ளதாகப் பார்த்து வாங்குவேன், இதே மாடலை அன்று.