கணினி வேகத்துக்குச் சந்தா சாஃப்ட்வேரா, எஸ்எஸ்டியா? இரண்டுக்கும் காசு கொடுத்தவன் சொல்கிறேன்

என் மடிக்கணினி 2017இல் வாங்கியது. 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஈரோட்டில் வீட்டிலிருந்தபடியே நாலைந்து சிறு கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். காலையில் பட்டனை அழுத்திவிட்டு டீ போட்டுக் குடித்து முடித்து வந்தாலும் கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேர் திறந்திருக்காது. ஒருநாள் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஐந்தரை நிமிடம்.

முதலில் வாங்கியது சந்தா கட்டும் ஆப்டிமைசர், அதாவது கணினியைச் சுத்தம் செய்து வேகமாக்குவதாகச் சொல்லும் சாஃப்ட்வேர். அடுத்த வருடம் அதை விட்டுவிட்டு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சுழலும் தட்டில்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி போட்டேன், கூடவே விண்டோஸிலேயே இருக்கிற வசதிகளைப் பயன்படுத்தப் பழகினேன். நான் இரண்டாவது கட்சி. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுநிலை இல்லை என்று யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சாஃப்ட்வேர் விஷயத்துக்கு வருவோம். இலவச ஸ்கேனில் சிவப்பு எழுத்தில் ஆயிரத்துச் சொச்சம் 'பிரச்சினைகள்' காட்டியது. பயந்துதான் வாங்கினேன். பிறகு பட்டியலை நிதானமாகத் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் பிரவுசர் குக்கீகள், மீதியில் பெரும்பகுதி ரெஜிஸ்ட்ரியில் மிச்சமிருந்த பழைய பதிவுகள். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைத்து, பாதை வைத்துத் தேடும் ஒரு தரவுத்தளம். அதில் சில நூறு வெற்றுப் பதிவுகள் கிடப்பதால் கணினி மெதுவாவதில்லை. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை நாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. தற்காலிகக் கோப்புகளை அழித்ததில் டிஸ்க்கில் சில ஜிபி இடம் கிடைத்தது உண்மை. அதே வேலையை செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய்ச் சும்மாவே செய்யலாம், 'ஸ்டோரேஜ் சென்ஸ்' போட்டுவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். எல்லாம் முடிந்து மறுபடி கடிகாரம் வைத்தேன். ஐந்து நிமிடம். அரை நிமிடம் மிச்சம்.

இப்படிப் பயமுறுத்தி விற்பது எனக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ கடைகளில் இலவசமாகக் கணினியைச் சோதிக்கிறோம் என்று சொல்லி, இல்லாத வைரஸ் அறிகுறிகளைக் காட்டிப் பழுதுபார்ப்புச் சேவை விற்றதாக அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி குற்றம்சாட்டியது. 2019இல் அந்த நிறுவனமும், சாஃப்ட்வேர் கொடுத்த சப்போர்ட்.காம் நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டிச் சமரசமாயின. 2024இல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு 'பிசி ரிப்பேர்' நிறுவனங்கள் 2.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. எல்லா ஆப்டிமைசரும் மோசடி என்று சொல்ல மாட்டேன், நான் வாங்கியதுகூட சொன்ன வேலையைச் செய்தது. அந்த வேலைக்கு அவசியம்தான் இல்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது வேகம்கூட இல்லை, பராமரிப்பு. வேகமாக்க வந்த சாஃப்ட்வேரையே நான் பராமரிக்க வேண்டியிருந்தது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பட்டியலைப் பாருங்கள். என் கணினியில் 'ஹை' என்று தாமதத்துக்குப் பொறுப்பான மூன்று பெயர்களில் ஒன்று இந்த ஆப்டிமைசர்.

அப்புறம் அதற்கு அட்மின் உரிமை கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றையும் தொட முடியாது. கொடுத்தால் எதை வேண்டுமானாலும் தொடும். ஒரு மாதம் 20ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்தர ஜிஎஸ்டி படிவம் போட வேண்டிய கடைசி நாள். கம்பெனிக் கணக்கு என்பதால் ஓடிபி போட்டுத் தப்பிக்க வழியில்லை, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கட்டாயம். டோக்கனைச் செருகினால் விளக்கு எரிகிறது, கையெழுத்து மட்டும் விழவில்லை. யூஎஸ்பி மாற்றினேன், பிரவுசர் மாற்றினேன், டோக்கனைத் துணியால்கூடத் துடைத்தேன். இரவு எட்டு மணிக்குத்தான் புரிந்தது: முந்தைய நாள் ஆப்டிமைசர் தானாக ஓடி, டோக்கனின் சர்வீஸை 'தேவையற்றது' என்று நிறுத்தி வைத்திருக்கிறது. திரும்பப் போடும் வசதி அதிலேயே இருந்தது, ஆனால் பட்டியலில் முந்நூறுக்கு மேல் வரிகள், எது எதற்கு என்று ஒரு விளக்கமும் இல்லை. கடைசியில் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோர் போட்டு இரண்டு நாள் பின்னால் போய்த்தான் தாக்கல் செய்தேன். தவறியிருந்தால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிப் பாக்கிக்கு 18 சதவீத வட்டி, அதற்கு மேல் கட்சிக்காரரின் முகம்.

சாஃப்ட்வேர் ஒழுங்கானதாகவே இருந்தாலும், வருகிற ஒவ்வொரு அப்டேட்டையும் நம்பியாக வேண்டும். சிசிகிளீனர் இதே வகைச் சுத்தம் செய்யும் சாஃப்ட்வேர், நல்ல பெயர் எடுத்தது. 2017 ஆகஸ்டில் அதன் 5.33 பதிப்பில், நிறுவனத்தின் அதிகாரபூர்வ டவுன்லோடிலேயே தீநிரல் ஏறிவிட்டது. ஏறத்தாழ 22.7 லட்சம் பேர் கணினியில் அது போய்ச் சேர்ந்தது. அவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை, அப்டேட் மட்டும்தான் செய்தார்கள்.

பணக் கணக்கும் பராமரிப்பில்தான் வரும். முதல் வருடம் தள்ளுபடி விலை, இரண்டாம் வருடம் ஏறத்தாழ இரண்டு மடங்கு, தானாகப் புதுப்பிக்கும் டிக்கை நான் எடுக்க மறந்திருந்தேன். 2021 அக்டோபரிலிருந்து, கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ் வந்ததால் ரத்து செய்தேன்.

எஸ்எஸ்டிக்கு வந்த கதை சின்னது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் சர்வீஸ் கடைப் பையன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினான். "ஏனுங்கண்ணா, டிஸ்க் நூறுலயே நிக்குது பாருங்க. இதுக்கு எந்த சாஃப்ட்வேர் போட்டு என்னங்க ஆகப்போகுது?" தட்டு சுழன்று, முள் நகர்ந்து படிக்கிற ஹார்ட் டிஸ்க்கால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறு தடவை போலத்தான் எடுக்க முடியும். எஸ்எஸ்டியில் அது ஆயிரக்கணக்கில். 256 ஜிபி எஸ்எஸ்டி, பழையதில் இருந்ததை அப்படியே குளோன் (நகல்) செய்து மாற்றும் கூலி எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய் ஆனது. மறுநாள் காலை டீயை அடுப்பில் வைப்பதற்குள் டேலி திறந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் செய்வதெல்லாம் மாதம் ஒருமுறை ஸ்டார்ட்அப் பட்டியலை எட்டிப் பார்ப்பதுதான்.

என் அனுபவம் எட்டாத இடங்களும் உண்டு. ஏற்கெனவே எஸ்எஸ்டி இருந்தும் மெதுவாக ஓடும் கணினியை நான் கையாண்டதில்லை, மேக்கும் எனக்குப் பழக்கமில்லை. மலிவு விலை மடிக்கணினிகள் சிலவற்றில் சேமிப்பகத்தைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அவற்றில் மாற்ற முடியாது. இன்னொன்று, என்னுடையது இன்டெல் 7ஆம் தலைமுறை. விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆகவே இந்த 2,400 ரூபாயும் நிரந்தரத் தீர்வு கிடையாது.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடவில்லை. யூஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன். சனிக்கிழமைதோறும் டேலி பேக்கப் அதில்தான் ஏறுகிறது. அந்த வேலைக்கு அது எவ்வளவு மெதுவாக ஓடினாலும் எனக்குக் கவலையில்லை.