பிரஷர் இறங்குகிறது என்று பாய்லரை மாற்றி ஏமாந்தேன்

லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். 1930களில் கட்டிய வீடு, சமையலறை அலமாரிக்குள் 2008ல் மாட்டிய காம்பி பாய்லர். (நம்மூரில் பாய்லர் என்றால் கொல்லையில் தேங்காய் மட்டை போட்டு எரிக்கிற செப்புப் பாய்லர். இங்கே வீட்டு ரேடியேட்டர்களுக்குச் சூடு, குழாயில் வெந்நீர் எல்லாமே இந்த ஒரு பெட்டிதான்.) போன ஜனவரியில் தினமும் காலையில் அது அணைந்து கிடந்தது. ராத்திரி 1.3 பாரில் (குழாய்த் தண்ணீரின் அழுத்த அளவு) நிற்கும் முள் விடிந்து பார்த்தால் 0.4ல் இருக்கும், ஃபில்லிங் லூப்பைத் திருகித் தண்ணீர் ஏற்றினால் ஓடும், மறுநாள் திரும்பவும் அதே கதை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

'இலவசப் பரிசோதனை' என்று வாசலில் விழுந்த நோட்டீஸைப் பார்த்து போன் செய்தேன். வந்தவர் தமிழ் பேசினார், அதிலேயே பாதி விழுந்துவிட்டேன். பாய்லரின் மூடியைக்கூடக் கழற்றாமல் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஹீட் எக்ஸ்சேஞ்சர் போச்சு அண்ணா, பார்ட்ஸும் கிடைக்காது. கார்பன் மோனாக்சைடு வந்தா என்ன பண்ணுவீங்க, அம்மா வேற இருக்காங்க" என்றார். (ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்றால் கேஸ் தீயின் சூட்டைத் தண்ணீருக்கு ஏற்றும் பாகம்.) அவர் தலைக்கு மேலேயே சுவரில் கார்பன் மோனாக்சைடு அலாரம் பச்சை விளக்கோடு சும்மா இருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அப்புறம் கேஸ் பாய்லரையே தடை செய்யப் போகிறார்கள், புதியது போட்டால் கேஸ் பில்லில் மூன்றில் ஒரு பங்கு குறையும், இன்றைக்கே சரி சொன்னால் 600 பவுண்டு தள்ளுபடி என்று அடுக்கினார். 2,850 பவுண்டு. கார்டு வேண்டாம், பேங்க் டிரான்ஸ்ஃபர் செய்தால் இன்னும் ஐம்பது குறைப்பதாகச் சொன்னதும் உடனே அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் புது பாய்லர் வந்தது. நாலாம் நாள் காலை முள் 0.5ல்.

போன் செய்தால், "அது உங்க பைப் லைன் பிரச்சினை, நாங்க பாய்லருக்குத்தான் வாரண்டி தருவோம்" என்று பதில். கடைசியில் நண்பர் ஒருவர் சொன்ன வேறு எஞ்சினியர் வந்து, பாய்லர் பக்கமே போகாமல் ரேடியேட்டர் ரேடியேட்டராகக் கையால் தடவிக்கொண்டே போனார். மாடியில் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருந்த சின்ன அறையில் வால்வு நட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, கீழே கார்ப்பெட் ஒரு தட்டு அளவுக்கு ஈரம். இருபது நிமிட வேலை, 95 பவுண்டு.

அவர் சொல்லித் தந்த ஒரு சோதனை முதலிலேயே தெரிந்திருந்தால் பணம் தப்பியிருக்கும். பாய்லரை அணைத்து ஆறவிட்டு, அடியில் ஃப்ளோ (ரேடியேட்டருக்குச் சூடான தண்ணீர் போகும் வழி), ரிட்டர்ன் (அது திரும்பி வரும் வழி) என்று இருக்கும் இரண்டு வால்வையும் ராத்திரி மூடி வையுங்கள். காலையில் முள் அதே இடத்தில் நின்றால் கசிவு வீட்டுக் குழாயில் இருக்கிறது, இறங்கியிருந்தால் பாய்லருக்குள். உள்ளே என்றாலும் உடனே மாற்ற வேண்டும் என்று இல்லை. சூடாகும்போது முள் 3 பார் வரை ஏறி வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செப்புக் குழாய் சொட்டினால், பெரும்பாலும் எக்ஸ்பான்ஷன் வெசலில் (சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் காற்றடைத்த கலம்) காற்று போயிருக்கும், அதைச் சரிசெய்யலாம், இல்லை அதை மட்டும் மாற்றலாம்.

பில் குறையும் என்ற கதையும் பொய்தான். இங்கிலாந்தில் 2005 ஏப்ரலிலிருந்து கண்டென்சிங் பாய்லர்தான் (புகையோடு வீணாகும் சூட்டையும் பிடித்துப் பயன்படுத்தும் வகை) போட வேண்டும் என்று விதி, அதனால் என்னுடைய 2008 பாய்லரும் அந்த வகைதான், அதிலிருந்து இன்னொரு கண்டென்சிங்குக்கு மாறி மூன்றில் ஒரு பங்கு எப்படி மிச்சமாகும்? தடை பற்றிய பேச்சும் இப்போது புதிதாகக் கட்டும் வீடுகளை வைத்துத்தான், ஓடுகிற பாய்லரை யாரும் கழற்றச் சொல்லவில்லை.

வந்தவரிடம் கேஸ் சேஃப் கார்டு (கேஸ் வேலைக்குப் பதிவு பெற்றவர் என்று காட்டும் அடையாள அட்டை) கேட்காததும் என் தப்பு. கார்டின் பின்பக்கம் அவர் எந்தெந்த வேலை செய்யலாம் என்று இருக்கும், எண்ணைப் போட்டு இணையத்திலேயே சரிபார்க்கலாம். இவர் விற்பனை ஆள், எஞ்சினியரே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து விற்றால் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று சட்டம் இருக்கிறதே என்று பார்த்தால், "உடனே வேலை தொடங்கச் சம்மதம்" என்று டேப்லெட்டில் ஒரு கையெழுத்து வாங்கியிருக்கிறார், வேலை முடிந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலாவது, விற்றவர் ஏமாற்றினால் கார்டு கொடுத்த பேங்கும் பொறுப்பு என்கிற 'செக்‌ஷன் 75' சட்டப் பிரிவைச் சொல்லி பேங்கைப் பிடித்திருக்கலாம், ஐம்பது பவுண்டுக்கு ஆசைப்பட்டு அதையும் விட்டேன்.

இப்போது கோர்ட்டில் ஸ்மால் கிளெய்ம் (சிறு தொகைக்கான வழக்கு) போடலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் கம்பெனி பெயர் போடவில்லை. ஹீட் எக்ஸ்சேஞ்சர் நன்றாகத்தான் இருந்தது என்று காட்டப் பழைய பாய்லர் வேண்டும். அதை அவர்களே, "குப்பையை நாங்களே எடுத்துட்டுப் போறோம் அண்ணா, காசு வேண்டாம்" என்று வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் கூட ஒரு கை பிடித்து ஏற்றிவிட்டேன்.