கால் குடைச்சலுக்கு இரும்புச்சத்து: மாத்திரையா, டிரிப்ஸா?

ராத்திரி படுத்தால் கால் குடையும், எழுந்து நடந்தால் அடங்கும், இதற்கு ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது, உடம்பில் சேமிப்பில் இருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும். ஃபெரிட்டின் 75-க்குக் (ng/mL) கீழே என்றால் மாத்திரையே போதுமா என்று பார்க்கலாம். மலிவுதான், ஆனால் மலச்சிக்கல் வரலாம், காபி டீயோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது, பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். 75-லிருந்து 100 வரை என்றால் குடல் அவ்வளவாக உறிஞ்சாது, அங்கே டிரிப்ஸ்தான். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற இரும்பு மருந்து 1000 மில்லிகிராம் கால் மணி நேரத்தில் ஏறிவிடும். அதற்காக அன்றைக்கே நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைக்காதீர்கள், சில வாரம் ஆகும், சிலருக்குக் கேட்பதும் இல்லை. செலவு கூடுதல், ரத்தத்தில் பாஸ்பேட் குறையலாம், அபூர்வமாக ஒவ்வாமையும் வரும் என்பதால் ஆஸ்பத்திரியில்தான் போட வேண்டும். மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் டிரிப்ஸ் பற்றி டாக்டரிடம் கேட்கலாம் என்பேன்.