நாக்சோஸ் தீவில் ஒரு சிக்கனக் கடற்கரை விடுதி

கிரேக்கத்தின் சைக்ளேட்ஸ் தீவுக்கூட்டத்தில் மிகப் பெரியதான நாக்சோஸில், அயியோஸ் புரோகோபியோஸ் கடற்கரையை ஒட்டிய இரண்டு நட்சத்திர விடுதி ஒன்றில் கடந்த ஜூலை மாதம் தங்கினோம். அறை மிகச் சிறியது. கட்டிலும் அலமாரியும் போக, பெட்டியைத் திறந்து வைக்கக்கூட இடமில்லை. ஆனால் விரிப்புகள் தூய்மையாக இருந்தன, பால்கனியில் நின்றால் ஏஜியன் கடல் முழுதும் தெரிந்தது. கோடையில் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி காற்று வெப்பத்தைப் பெரிதும் தணிப்பதால், அறையின் ஏசி பழையதாக இருந்தது எங்களுக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை. அதே காற்றில் சன்னல் கதவுகள் இரவெல்லாம் படபடத்து உறக்கத்தைக் கெடுத்ததை மட்டும் விடுதியினர் கவனித்திருக்க வேண்டும்.

காலை உணவில் கெட்டித் தயிரும் தேனும் தீவின் பெயர்பெற்ற கிராவியேரா பாலாடைக்கட்டியும் கிடைத்தன. அந்தத் தயிருக்காகவே மறுபடி அங்கே தங்கலாம்.

கழிப்பறைத் தாளைக் கூடையில் போடச் சொல்லும் அறிவிப்பைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். கழிவுநீர்க் குழாய்கள் குறுகலாக இருப்பதால் கிரேக்கத்தின் பல இடங்களில் இதுவே வழக்கம். இத்தகைய விடுதிகளில் 2025 முதல், ஏப்ரல் தொடங்கி அக்டோபர் வரை, அறைக்கு இரவொன்றுக்கு 2 யூரோ அரசு வரியும் உண்டு.

மின்தூக்கி இல்லாததால், முதியவர்களுடன் செல்பவர்கள் தரைத்தள அறையை முன்கூட்டியே கேட்டுப் பெறுவது நல்லது.