டெக்கா இஞ்சினா, ஜிபி முடிச்ச நம்ம ஊரு பையமாருக்கு

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம்னு நம்ம கடக்கரையில ஜிபி ரேட்டிங், அதாவது கப்பல்ல ஆபீசருக்கு கீழ வேலை பாக்கதுக்கான கோர்ஸ் முடிச்சிட்டு வாற பையமாரு என்ட்ட கேக்கது ஒரே கேள்விதான், அண்ணே டெக்குக்கு, அதாவது மேல்தள வேலைக்கு போவட்டா, இஞ்சின் ரூமுக்கு போவட்டான்னு. ஆறு மாச கோர்ஸ்ல ரெண்டு வேலையும் சேத்துதான் சொல்லிக் குடுப்பாவ, அதுக்கப்புறம் ஒரு பக்கம் ஒதுங்கணும். நான் இஞ்சின் ரூம்ல மோட்டார்மேன், எனக்க அண்ணன் டெக்குல ஏபி, அனுபவப்பட்ட மாலுமி, அதனால ரெண்டு பக்க கதையும் எங்க வீட்லயே கிடக்கு.

சரக்குக் கப்பல்ல பெரும்பாலும் இருபது இருபத்தஞ்சு பேருதான், எல்லாத்துக்கும் மேல கேப்டன். டெக்குல சீஃப் ஆபீசர் காலைல வேலைய டெக்கு ஆளுவளுக்கு மேஸ்திரி மாதிரியான போசன்கிட்ட சொல்லுவாரு, போசன் ஏபிக்கும், அவனுக்கு கீழ புதுசா ஏறுன ஓஎஸ்ஸுக்கும் பிரிச்சுக் குடுப்பாரு. போசன்னா நம்மளப் போல ஓஎஸ்ஸா ஏறி வளந்த ஆளு, நல்ல போசன் கிடைச்சா அந்த கான்ட்ராக்ட் ஓடுனதே தெரியாது, இல்லன்னா ஒன்பது மாசமும் பாடுதான். இஞ்சின்ல அப்படி நடுவுல ஒரு ஆளு பெரும்பாலும் இல்ல. சீஃப் இஞ்சினியர் தலைவருன்னாலும் தெனம் வேலைய ஓட்டுறது செகண்ட் இஞ்சினியர்தான், எண்ணெய சுத்தம் பண்ணுற பியூரிஃபையர பிரிக்கும்போதும் பிஸ்டன தூக்கும்போதும் அவரோ தேர்ட் இஞ்சினியரோ ஒனக்க பக்கத்துலயே நிப்பாவ. கேக்க வாயி இருந்தா ஒரு வருசத்துல அவ்வளவு படிச்சிரலாம், எனக்கு இஞ்சின் பிடிச்சதே இதுக்குத்தான்.

சூடு உண்டு, அத மறைக்க மாட்டேன். நாப்பது டிகிரிக்கு மேல போவும், சத்தத்துல காதுல மஃப் இல்லாம நிக்க முடியாது, பகலா ராத்திரியான்னு வானத்தப் பாக்க வழி இல்ல. டெக்குல வெயிலும் மழையும், துருவ கொத்தி எடுத்து பெயின்ட் அடிக்கது, ஆனா காத்து உண்டு.

தூக்கத்துல வித்தியாசம் பெருசு. இப்போ நெறைய கப்பல்ல ராத்திரி இஞ்சின் ரூம்ல ஆளு நிக்கதில்ல, அலாரம் அடிச்சா டூட்டி இஞ்சினியர் எறங்குவாரு, நமக்கு காலைல எட்டுலருந்து அஞ்சு மணி வரை வேலை. டெக்குல பன்னெண்டு நாலு, நாலு எட்டு, எட்டு பன்னெண்டுன்னு வாட்ச், போர்ட்டுக்கு போனா ஆளு ஏறி எறங்குற கேங்வேகிட்ட காவல், கப்பல கரையில கயிறு போட்டு கட்ட ராத்திரி மூணு மணிக்கும் எழும்பணும். அந்தக் கயிறுதான் எனக்கு பயம். அண்ணன் கண்ணு முன்னால ஒரு ரோப் அறுந்து திரும்பி அடிச்சதுல ஒரு ஆளுக்கு கால் போச்சு, அண்ணன் அத சொன்ன அன்னைக்கு அம்மை சோறு திங்கல.

ஆனா லுக்அவுட்டுக்கு, அதாவது கடல பாத்து காவல் நிக்கதுக்கு, நம்ம பையமாரு போல ஆளு கிடைக்காது. தூத்தூர் பக்கத்து போட்டெல்லாம் ஆழ்கடல்ல கப்பல் போற வழியிலயே கிடக்கும், மர போட்டு ராடார்ல சரியா விழாது, வள்ளத்துல வளந்தவன் அந்த மினுக்குற லைட்ட முன்னாலயே பாத்து ஆபீசருக்கு சொல்லிருவான். கப்பல ஓட்டுற பிரிட்ஜ்ல நம்ம ஆளு ஒருத்தன் நிக்கான்னா கீழ வலை போட்டுக் கிடக்கவனுக்கு அது உசுரு. அதுக்காகவே டெக்குக்கு போறேன்னு ஒருத்தன் சொன்னா நான் தடுக்க மாட்டேன்.

கடலு தெரியும்ங்கிற ஒரே காரணத்துக்காக எல்லாரும் டெக்குன்னு எழுதிக் குடுக்காதீங்க மக்கா. வெல்டிங், லேத்து கைவசம் இருந்தா இஞ்சின்ல பிட்டர் வரைக்கும் போலாம், கரைக்கு வந்தாலும் அந்தக் கைவேலைக்கு நாகர்கோவில்லயே கூலி உண்டு, ஏபிக்கு கரையில அப்படி ஒண்ணும் காத்துக் கிடக்கல. எந்தப் பக்கம்னாலும் கொறஞ்சது ஒரு நாளைக்கு பத்து மணிநேரம், ஏழு நாளைக்கு எழுபத்தேழு மணிநேரம் ஓய்வு ஒனக்கு உண்டு, ஓய்வு நேர ஷீட்டுல கையெழுத்து போடுறதுக்கு முன்னால நீ நெசமா ஓய்வெடுத்த மணிநேரம்தான் அதுல இருக்கான்னு பாரு.