வாலன்டியர் டி-ஷர்ட்: ஐந்துக்கு இரண்டரை

சென்னை நந்தம்பாக்கத்தில் ஒரு மென்பொருள் மாநாடு. பேர் வேண்டாம். அதில் இரண்டு நாள் வாலன்டியராக நின்றுவிட்டு வந்தேன். அடுத்த முறை நாமும் போகலாமா என்று ஆபீஸில் மூன்று பேர் கேட்டார்கள். அவர்களுக்காக இது.

எனக்குக் கிடைத்தது பேட்ஜ் மேஜை. பேட்ஜ்களை ஏ முதல் இசட் வரை அழகாக அடுக்கித்தான் கொடுத்தார்கள், ஆனால் இனிஷியலை வைத்து. எஸ்.கார்த்திக் எஸ்ஸில், எம்.கார்த்திக் எம்மில். வருகிறவர் 'கார்த்திக்' என்றுதானே சொல்வார்? எட்டரை மணிக்கு வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன், "அக்கா, எல்லாத்தையும் கீழே கொட்டிடலாமா?" என்றான். கொட்டினோம். நாலு பேர் தரையில் உட்கார்ந்து இருபது நிமிஷத்தில் பெயர்வாரியாக அடுக்கினோம். கார்த்திக் மட்டும் பதினொரு பேர்! பத்து வருஷமாக டெஸ்டிங் பார்க்கிறேன். ஒரு பிழை கண்ணெதிரே சரியாகி, வரிசை மளமளவென்று கரைவதை அன்றுதான் பார்த்தேன். தலைப்பில் போட்ட இரண்டரை மார்க் முழுக்க இதற்குத்தான்.

அப்புறம் ஒருங்கிணைப்பாளர் வந்தார். "யாரைக் கேட்டு மாத்துனீங்க மேடம்?"

சம்பளம் ஒன்றுதான் இல்லை. மேனேஜர் உண்டு, எஸ்கலேஷன் உண்டு, இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் 'அப்டேட் ப்ளீஸ்' உண்டு. மூச்சுக்கு மூச்சு 'நாமெல்லாம் ஒரே குடும்பம்'. மதியம் இரண்டரைக்கு அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சியது ஆறிப்போன லெமன் சாதம்.

இங்கே மட்டும் இப்படி என்று சொல்ல மாட்டேன். புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை 2021இல் ப்ரோசஸ் நிறுவனம் 180 கோடி டாலருக்கு வாங்கியது. அங்கே பதில் எழுதுகிறவர்களுக்கும் சரி, தளத்தை ஒழுங்குபடுத்தும் மாடரேட்டர்களுக்கும் சரி, சம்பளம் கிடையாது. ஏஐ எழுதிய பதில்களை நீக்குவதற்கு நிறுவனம் கட்டுப்பாடு போட்டதும், 2023 ஜூனில் மாடரேட்டர்கள் பலர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளமே இல்லாதவர்கள் எதை நிறுத்துவது என்று அப்போது சிரித்தேன். பேட்ஜ் மேஜையில் நின்ற பிறகு சிரிப்பு வரவில்லை.

போகிறவர்களுக்கு: ஆலந்தூர் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். டிபன் பாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். டி-ஷர்ட் எக்ஸ்எல் மட்டும்தான், நைட்டிக்குப் பதில் ஆகும். மேடைப் பக்கம் வேண்டாம், பேட்ஜ் மேஜையைக் கேட்டு வாங்குங்கள். இனிஷியல் விஷயத்தை விளக்கமாக மெயில் போட்டிருக்கிறேன். பதிலாக அடுத்த வருஷத்து வாலன்டியர் படிவம் வந்திருக்கிறது.